கத்தி பாதி, ஒளி பாதி

முகத்தில் வரும் அடிக்கலப் புற்று பெரும்பாலும் நோவதில்லை. அதுதான் கெடுதல். கொட்டியாரக் குடாவில் வலை இழுக்கிறவருக்கும், மூதூர் வயல்களில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவருக்கும் மூக்கோரத்தில் ஒரு கறுத்த பரு வந்தால், "நோவு இல்லைத்தானே, வெள்ளாமை வெட்டு முடியட்டும், பார்ப்பம்" என்று விட்டுவிடுவார்கள். நம் கறுத்த தோலில் இந்தப் புற்று மச்சத்தைப் போலவே இருக்கும். ஓரம் மட்டும் மினுங்கும். சவரம் செய்யும்போது கீறிக் கசியும், பொருக்குத் தட்டும், மறுபடி கசியும். வேறு உறுப்புக்குத் தாவுவது மிக அரிது. ஆனால் இருந்த இடத்தை அரித்துக்கொண்டே போகும்: இமை, மூக்கு மடல், பிறகு எலும்பு.

பெரிதாகிவிட்ட கட்டியைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து வெட்ட வேண்டும். முதுகில் என்றால் சரி. இமையில் எங்கே போவது? இருதய வருத்தமும் சீனி வருத்தமும் உள்ள முதியவர் நீண்ட சத்திரசிகிச்சையைத் தாங்குவாரா?

இப்படியானவர்களுக்குத்தான் ஒளி கைகொடுக்கிறது. தடித்த பகுதியை மட்டும் முதலில் சுரண்டி எடுக்கிறார்கள். எஞ்சிய இடத்தில் அமினோலெவுலினிக் அமிலம் சேர்ந்த களிம்பைப் பூசி, வெளிச்சம் படாமல் சுமார் 3 மணி நேரம் மூடி வைக்கிறார்கள். புற்றுக் கலங்கள் அதைப் போர்ஃபிரினாக மாற்றித் தேக்கிக்கொள்கின்றன. பிறகு 630 நானோமீட்டர் அளவிலான செவ்வொளியைப் பாய்ச்ச, போர்ஃபிரின் ஒட்சிசனைத் தூண்டிவிட்டு அந்தக் கலங்களையே அழிக்கிறது. சுற்றியுள்ள நல்ல தோல் பெருமளவு தப்பிவிடும். ஒளி படும் அந்தச் சில நிமிடங்கள் எரிவு கடுமையாக இருக்கும். நோயாளிக்கு அதை முன்பே சொல்லிவிட வேண்டும். களிம்பின் வேலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குமேல் போகாது. கத்தி முந்துவது அதனால்தான்.

சாயமும் ஒளியும் சேர்ந்தால் நுண்ணுயிர் சாகும் என்பதை மியூனிக்கில் ஆஸ்கர் ராப் 1900இல் வெளியிட்டார். மூன்றே ஆண்டில் அவருடைய ஆசிரியர் டாப்பைனர் தோல் கட்டிகளில் அதைச் சோதித்தார். பூசும் களிம்பாக அது பரவியது 1990இல் கனடாவின் கென்னடி குழுவினருக்குப் பிறகு.

ஆனாலும் வெட்டி, ஓரங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பார்த்து எடுக்கும் மோஸ் முறையே முகத்தில் ஆழமாக இறங்கிய புற்றுக்கு இன்றும் முதல் தெரிவு. ஒளி சேர்த்த சிகிச்சையில் நோய் மீளும் வாய்ப்பு அதைவிடக் கூடுதல். ஆண்டுக்கணக்கில் கிளினிக் போக வேண்டும். மெலனோமாவுக்கும், பழைய தீக்காயத் தழும்பில் ஆறாமல் ஊடுருவும் புற்றுக்கும் இந்த ஒளி ஆகாது.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதை அடுத்து மற்றப் பாலங்களும் வந்தன. ஆற்றைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்திருந்த காலம் போய், மூதூரிலிருந்து திருகோணமலை வைத்தியசாலைக்கு இப்போது பஸ்ஸில் போய்வரலாம். பரு அரிசி அளவில் இருக்கையிலேயே காட்டினால், பெரும்பாலும் விறைப்பூசி போட்டு அன்றே வெட்டித் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.