ஐந்தில் வளையாதவர்கள் ஐம்பதில் என்ன ஆனார்கள்?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்காத வீடு நம்ம ஊரில் இருக்காது. கூடவே "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" வேற. குற்றவாளிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த இரண்டையும் ஏதோ இயற்கை விதி மாதிரி சொல்லிவிடுகிறோம். உண்மையான்னு சோதிக்க ஒரே வழிதான் இருக்கு. வளையாத பிள்ளைகளைக் கிழவர்களாகும் வரை பின்தொடர வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் அது நடந்திருக்கிறது.

ஹார்வர்டைச் சேர்ந்த ஷெல்டன் க்ளூக், எலினார் க்ளூக் தம்பதி இந்த ஆய்வை 1940-இல் தொடங்கினார்கள். சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட 500 சிறுவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயது, அதே இனப் பின்னணி, அதே மாதிரி ஏழைப் பகுதி, ஏறக்குறைய அதே அறிவுத்திறன் உள்ள, ஆனால் குற்றத்தில் சிக்காத 500 பேர். வீடு, பள்ளி, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் விசாரித்து எழுதினார்கள். பிறகு 25 வயதிலும் 32 வயதிலும் மறுபடி தேடிப்போய் விவரம் எடுத்தார்கள்.

அந்தக் காகிதங்கள் ஹார்வர்ட் சட்டப் பள்ளி நூலகத்தின் அடித்தளத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. 1980-களில் ஜான் லாப் என்ற ஆய்வாளர் அவற்றைக் கண்டெடுத்தார். அவரும் ராபர்ட் சாம்ப்சனும் சேர்ந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார்கள். அதோடு விடவில்லை. அந்த 500 பேரின் போலீஸ் பதிவுகளை 70 வயது வரை தேடினார்கள், உயிரோடு இருந்தவர்களில் 52 பேரை நேரில் சந்தித்துப் பேசினார்கள். 1993-லும் 2003-லும் இரண்டு புத்தகங்கள் வந்தன.

பழமொழியில் பாதி உண்மைதான். சிறுவயதில் குற்றம் செய்தவர்கள் பெரியவர்களானபோதும், மற்ற 500 பேரைவிட அதிகமாகக் குற்றம் செய்தார்கள், அதிகமாகக் குடித்தார்கள், வேலையில் நிலைக்காமல் திரிந்தார்கள்.

மீதிப் பாதிதான் சுவாரசியம். அந்த 500 பேருக்குள் யார் திருந்துவார், யார் தொடர்வார் என்பதைச் சிறுவயது விவரங்களை வைத்து நம்பகமாகச் சொல்லவே முடியவில்லை. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி சேட்டை. ஒருவர் 20-களிலேயே நிறுத்திவிட்டார், இன்னொருவர் 50 வரை போனார். ஆனால் எந்தக் குழுவாகப் பிரித்துப் பார்த்தாலும் வயது ஏற ஏறக் குற்றம் குறைந்துகொண்டே வந்தது. டெர்ரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993-இல், பதின்வயதில் மட்டும் தவறு செய்பவர்கள் ஒரு வகை, வாழ்நாள் முழுக்கத் தொடர்பவர்கள் இன்னொரு வகை என்று பிரித்தார். அந்த இரண்டாவது வகையை முன்கூட்டியே அடையாளம் காணலாம் என்ற எண்ணத்துக்கு பாஸ்டன் தரவு பெரிய கேள்வி போட்டது.

சரி, எது திருப்பியது? திருமணம், நிலையான வேலை, ராணுவ சேவை. "கால்கட்டு போட்டா சரியாயிடும்"னு பாட்டி சொன்னது சரிதானோன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. திருந்தக்கூடியவர்களுக்குத்தானே கல்யாணம் ஆகும், வேலை கிடைக்கும் என்று கேட்கலாம். அதனால் ஆளுக்கு ஆள் ஒப்பிடாமல், ஒரே மனிதரின் வாழ்க்கையில் மனைவியோடு இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் ஒப்பிட்டார்கள். மணவாழ்வில் இருந்த காலத்தில் குற்றம் செய்யும் வாய்ப்பு சராசரியாக 35 சதவீதம் குறைவு.

தாலியில் மந்திரம் எதுவும் இல்லை. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும், கேள்வி கேட்க ஆள் இருக்கு, பழைய கூட்டாளிகளோடு சுற்ற நேரமில்லை. இழக்க ஏதோ ஒன்று கையில் இருக்கு. பலர் "இனி திருந்துகிறேன்" என்று சபதம் எடுக்கவே இல்லை. வாழ்க்கை மாறியது, பழக்கம் பின்னாலேயே மாறியது.

ஒரு எச்சரிக்கை. இவர்கள் எல்லோரும் ஆண்கள், வெள்ளையர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆலை வேலை தாராளமாகக் கிடைத்த காலத்தில் பெரியவர்களானவர்கள். வேலையே இல்லாத ஊரில் இதே கதை நடக்கும் என்று சொல்ல முடியாது. கணவனைத் திருத்தும் பொறுப்பை ஒரு பெண்ணின் தலையில் கட்டவும் இது சான்று இல்லை.

இந்த ஆய்வில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது சிறை பற்றிய பகுதி. இளவயதில் நீண்ட காலம் உள்ளே இருந்தவர்களுக்குப் பிறகு நிலையான வேலை அமைவது கடினமாக இருந்தது. யோசிச்சுப் பாருங்க. குற்றத்திலிருந்து வெளியே இழுக்கிற கயிறே வேலைதான். "இவன் திருந்த மாட்டான்" என்ற நம்பிக்கையில் தண்டனையை நீட்டினால் அந்தக் கயிற்றை நாமே அறுக்கிறோம். அப்புறம் அவர் திரும்பவும் தப்பு செய்தால், பார்த்தியா, பழமொழி பொய்க்கலைன்னு சொல்லிக்கொள்வோம்.