வகுப்பு இருந்தால்தானே கட் அடிக்க முடியும்

'ஓப்பன் வேர்ல்ட்' வகை வீடியோ கேம்கள் தங்களை விற்றுக்கொள்வதே சுதந்திரத்தின் பெயரில்தான். ஒரு நகரத்தையோ காட்டையோ முழுதாக உருவாக்கி ஆடுபவர் கையில் கொடுத்துவிடுவார்கள். கதையைத் தொடரலாம், கதையை மறந்து ஊர் சுற்றலாம், ஏனென்று கேட்க ஆளில்லை. பள்ளிக்கூடமோ எங்கே எப்போது இருக்க வேண்டும் என்பதை மணியடித்துச் சொல்லும் இடம். ஒட்டவே ஒட்டாத இந்த இரண்டையும் ஒட்டவைத்த கேம், 2006 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளிவந்த 'புல்லி'. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனத்தின் வான்கூவர் பிரிவு இதை உருவாக்கியது. வன்முறையைப் பற்றி அப்போது எழுந்த கூச்சலில் இதன் டைம்டேபிளை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் இந்த கேமின் உயிர் அந்த டைம்டேபிளில்தான் இருக்கிறது.

நாயகன் ஜிம்மி ஹாப்கின்ஸுக்கு 15 வயது. மறுமணம் செய்துகொண்ட அம்மா புதுக்கணவரோடு தேனிலவுக்குப் போகிறார். பல பள்ளிகள் துரத்திவிட்ட பையனைப் புல்வர்த் அகாடமி என்ற விடுதிப் பள்ளியில் தள்ளிவிட்டுப் போகிறார். காலை ஒன்பதரைக்கு ஒரு வகுப்பு, மதியம் ஒரு மணிக்கு இன்னொன்று. அந்த நேரத்தில் வெளியே திரிந்தால் 'பிரிஃபெக்ட்' எனப்படும் கண்காணிப்பு மாணவர்கள் துரத்திப் பிடிக்கிறார்கள். இரவு பதினொன்றுக்குமேல் நடமாடத் தடை. அதையும் மீறினால் இரண்டு மணிக்கு ஜிம்மி இருக்கும் இடத்திலேயே சுருண்டு விழுகிறான். வேறொரு ஓப்பன் வேர்ல்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது வெறும் பயணம். இங்கே வேதியியல் வகுப்பு நடக்கும் நேரத்தில் அதையே செய்தால், அதற்குப் பெயர் கட் அடிப்பது. தெரு அதே தெருதான், சைக்கிளும் அதேதான். பிடிபடுவோம் என்ற பயம் அதற்கு ஒரு ருசி கொடுத்துவிடுகிறது.

வகுப்புகள் வெறும் தொந்தரவாக இருந்திருந்தால் இந்த ஏற்பாடு சீக்கிரம் சலித்திருக்கும். ஒவ்வொரு பாடமும் ஒரு குட்டி விளையாட்டு, அதில் தேறினால் வெளியே உதவும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. வேதியியல் பட்டாசும் நாற்றக்குண்டும் செய்யக் கற்றுத்தருகிறது. பட்டறை வகுப்பு சைக்கிள் தருகிறது. ஆங்கிலத்தில் தேறினால் மன்னிப்புக் கேட்கும் சாமர்த்தியம் கூடுகிறது (பாடத்திட்டம் வகுத்தவர்களுக்குக்கூடத் தோன்றாத பலன்). ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து நிலைகள். ஐந்தையும் முடித்துவிட்டால் அந்த வகுப்புக்குப் போகவே வேண்டாம், அந்த நேரம் நம்முடையது. அதாவது சுதந்திரத்தைப் படித்துத்தான் சம்பாதிக்க வேண்டும். கலகக்காரப் பையனின் கதை என்று பெயர்வாங்கிய கேமின் விதிகளுக்குள் இப்படியொரு கண்டிப்பான வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார்.

கொடுமைக்கார மாணவன் என்று பொருள்படும் தலைப்பை வைத்துக்கொண்டு வந்ததைப் பெற்றோர் எப்படி நம்புவார்கள் என்பது நியாயமான கேள்வி. 1999-இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டின் ரணம் அமெரிக்காவில் ஆறாத காலம் அது. மயாமி வழக்கறிஞர் ஜாக் தாம்சன் விற்பனையைத் தடுக்க நீதிமன்றம் போனார். நீதிபதி கேமைப் போட்டுக்காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, தடை விதிக்க மறுத்தார். பிரிட்டனில் எதிர்ப்புக்கு இடையே, பள்ளியின் லத்தீன் முழக்கமான 'கேனிஸ் கேனம் எடிட்' என்ற பெயரில் வெளியானது. பிரேசிலில் 2008-இல் நீதிமன்றமே தடைசெய்தது. கேமுக்குள் துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, சாவும் இல்லை. ஆயுதம் என்றால் உண்டிவில், அரிப்புப்பொடி, கோலிக்குண்டு. சின்னப் பிள்ளைகளையோ மாணவிகளையோ பெரியவர்களையோ அடித்தால் குற்ற அளவுமானி ஒரே தாவலில் உச்சத்துக்குப் போய்விடும். பிறகு ஓடித் தப்ப வேண்டும், இல்லையேல் அகப்பட்டுத் தண்டனை வாங்க வேண்டும்.

அதற்காக இதை நீதிக்கதை என்று தூக்கிப்பிடிக்கவும் முடியாது. பணக்காரப் பிள்ளைகள், படிப்பாளிகள், விளையாட்டு வீரர்கள் என்று பிரிந்துகிடக்கும் கோஷ்டிகளை ஜிம்மி வழிக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் அவர்களின் தலைவர்களை அடித்துப் பணியவைத்துத்தான். எளியவனைக் காக்கும் கையும் அடிக்கும் கைதானே என்று கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் கணக்கு கேட்கும் விதிகள் இதில் இருக்கின்றன. 2023-இல் வந்த 'ஹாக்வர்ட்ஸ் லெகசி'யும் பள்ளியைக் களமாகக் கொண்ட ஓப்பன் வேர்ல்ட்தான். கோட்டையின் அழகு கண்ணைப் பறிக்கிறது. அங்கே வகுப்புகள் கதையின் ஊடே வந்துபோகும் காட்சிகள். நள்ளிரவில் மாடிப்படிகளில் திரிந்தாலும் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. கொல்லும் சாபத்தையே கற்று எதிரிகள்மீது ஏவினாலும் பள்ளி நீக்கிவிடாது. ஆக, அது பள்ளிக்கூடம் போலத் தோற்றமளிக்கும் அருமையான சுற்றுலாத் தலம்.

விடுமுறைக்கு ஆடும் விளையாட்டில் எதற்கு இன்னொரு டைம்டேபிள் என்று கேட்பவர்களுக்கு 'புல்லி'யே ஒரு பரிசோதனை வைத்திருக்கிறது. ஐந்து அத்தியாயங்களும் முடிந்தபின் 'முடிவில்லாக் கோடை' என்ற பகுதி திறக்கிறது. எல்லாப் பாடங்களிலும் ஏற்கெனவே தேறியிருந்தால், விரட்டும் மணி இல்லை, ஊர் முழுக்க நம்முடையது. சைக்கிள் பந்தயம், பேப்பர் போடும் வேலை, விட்டுப்போன சில்லறைத் தேடல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் கேம் தொய்ந்துபோகிறது. கட் அடித்துவிட்டுப் போனபோது சுகமாக இருந்த அதே பொழுதுபோக்குப் பூங்காவில், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஜிம்மியை நடக்கவிட்டுக்கொண்டிருப்போம்.