தலையணை உறைக்கு ஏற்ற துணி எது?

தலையணை உறை இரவு முழுவதும் கன்னத்தோடும் கழுத்தோடும் தலைமுடியோடும் ஒட்டிக் கிடக்கிறது. உறக்கம் வரும் வேளையில் உடலின் உள்வெப்பம் மெல்ல இறங்குகிறது. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி தோல் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ள இடங்களில் நெற்றியும் ஒன்று. முகம் அழுந்திய இடத்தில் வியர்வை ஆவியாக வழியில்லாமல் தேங்கினால் புழுக்கம் தட்டும், தூக்கம் கலையும். ஆகவே உறைத்துணியைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தையும் வழவழப்பையும்விட, அது ஈரத்தை எப்படிக் கையாள்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸால் ஆனது. அதன் மூலக்கூறு நெடுக அமைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதமாக உள்ள காற்றில் பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 சதவீதம் நீரை ஏற்கும். பட்டு 11, லினன் 12 சதவீதம். பாலியெஸ்டரோ வெறும் 0.4 சதவீதம். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கிய இந்த இழைக்கு நீரோடு ஒட்டுதல் இல்லை, எண்ணெயோடு உண்டு. தலைக்கு எண்ணெய் வைக்கும் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. பாலியெஸ்டர் உறையில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கும் சிக்கு வாடையும் லேசில் போவதில்லை. சீக்கிரம் காய்வதும் கசங்காததும் அதன் நிறைகள்தான். பாலி காட்டன் கலப்புத் துணி விற்பதற்கும் அதுவே காரணம். என்றாலும் சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களின் கோடை இரவுக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது.

இழை ஒன்றாகவே இருந்தாலும் நெசவு மாறினால் துணியின் குணம் மாறிவிடும். சாதா நெசவில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக மாறி மாறிச் செல்கின்றன. துணி சற்று விறைப்பாக நிற்பதால் தோலில் முழுதாக ஒட்டாது. இடையே காற்று போய்வரும். சாட்டின் நெசவில் ஒரு நூல் நான்கைந்து நூல்களைத் தாண்டிச் சென்ற பிறகே ஒன்றின் அடியில் இறங்குகிறது. அதனால் மேற்பரப்பு பளபளப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும். துணி தோலோடு படியும், கதகதப்பும் கூடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாட்டின் உறைகளில் பல, பாலியெஸ்டர் இழையில் நெய்தவை.

பலரைத் திசைதிருப்பும் எண் ஒன்று உண்டு: ‘திரெட் கவுண்ட்’. ஒரு சதுர அங்குலத் துணியில் உள்ள பாவு, ஊடை நூல்களின் கூட்டுத்தொகை அது. முறுக்கிய இரட்டை நூலை இரண்டாக எண்ணினால் 400 நூல் துணி 800 ஆகிவிடும். துணி மட்டும் அப்படியேதான் இருக்கும். உண்மையில் கவனிக்க வேண்டியது நூலின் நம்பர். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை நிற்கின்றனவோ, அதுவே நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40 முதல் 60ஆம் நம்பர் வரையிலான நூலில், 180 முதல் 300 வரை எண்ணிக்கையில் சாதா நெசவாக நெய்த பருத்தி உறை நம் தட்பவெப்பத்துக்குப் போதும். வீட்டுத் துணி ஏற்றுமதிக்குப் பேர்பெற்ற கரூரில் இப்படிப்பட்ட துணிக்குப் பஞ்சமே இல்லை.

பட்டின் சிறப்பு அதன் குறைந்த உராய்வு. நீண்ட முடியும் சுருட்டை முடியும் அதில் சிக்காமல் நழுவும். முகச்சுருக்கத்தைத் தடுக்கும் என்ற விளம்பரத்துக்கு மட்டும் உறுதியான சான்று கிடையாது. பட்டு ஒரு புரதம். வெந்நீரும் காரச் சோப்பும் குளோரின் பிளீச்சும் அதைச் சிதைக்கும். அன்றாடம் எண்ணெய் படும் தலைக்கு இது தோதான துணியல்ல.

‘மூங்கில் துணி’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ். இப்படிப்பட்ட துணியை மூங்கில் என்று மட்டும் குறித்து விற்றதற்காக 2009இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் சில நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. விஸ்கோஸ் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், தொடுவதற்கும் மென்மை. ஆனால் நனைந்தால் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால் அடித்துத் துவைக்கக் கூடாது.

வாங்கிய துணி எது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்ட வேண்டும். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் எரிந்த வாடையோடு எரிந்து மென்சாம்பலாகும். பட்டில் முடி கருகும் நாற்றம் வரும். அதன் சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். இந்த அறிகுறிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்து வந்தால் அது கலப்புத் துணி.

புது உறையை ஒருமுறை துவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். கசங்காமலிருக்கப் பூசும் ரெசினில் ஃபார்மால்டிஹைடு இருக்கலாம். சிலருக்கு அது தோல் அரிப்பைத் தரும். துணியை மிருதுவாக்கும் திரவத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் இழைமீது படலம் படிந்து பருத்தியின் உறிஞ்சும் திறன் குறைந்துவிடும்.

வாரம் ஒருமுறை துவைப்பது நல்லது. ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் உதிர்ந்த தோல் செதிலைத் தின்று, ஈரப்பதமான காற்றில் பெருகுகின்றன. 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அவை மடியும். பருத்தி அந்தச் சூட்டைத் தாங்கும், பட்டு தாங்காது. தொல்லை அதிகமானால் 10 மைக்ரானுக்கும் குறைந்த துளையுள்ள நெருக்கமான உறையைத் தலையணைக்கு முதலில் மாட்டி, அதற்கு மேல் வழக்கமான பருத்தி உறையைப் போட்டுக்கொள்ளலாம்.