எண்ணப் பகிர்வும் புத்தாக்கமும்

"ஊழியர்கள் தமது எண்ணங்களைப் பகிர்வதால் நிறுவனம் பெறும் நன்மை யாது?" என வினவப்பட்டால், "புதிய எண்ணங்கள் தோன்றும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒருவரிடமுள்ள தீர்வு மற்றொருவரிடமுள்ள பிரச்சினையைச் சென்றடைகிறது எனக் காரணங்காட்டுங்கள். உதாரணம் பின்வருமாறு.

அமெரிக்காவின் திரீ எம் நிறுவன விஞ்ஞானி ஸ்பென்சர் சில்வர் 1968 இல் வலிமையான பசையொன்றை ஆக்க முயன்றார். கிடைத்ததோ இலேசாக ஒட்டி, எளிதில் கழன்றுவிடும் பசை. அதன் பயன் அவருக்கே புலப்படவில்லை. எனினும் அதனை மறைக்காது, நிறுவனத்துள் நடந்த கருத்தரங்குகளில் ஆண்டுக்கணக்காக எடுத்துக்கூறினார். (எத்தனை பேர் இதற்குத் துணிவர்?)

அதைக் கேட்டிருந்த சக ஊழியர் ஆர்ட் ஃபிரை. தேவாலயப் பாடகர் குழுவில் பாடிய அவருக்கு, பாடல் நூலில் அடையாளமாக வைத்த தாள்துண்டுகள் விழுந்துவிடுவது தொல்லை. 1974 இல் அப்பசை அவருக்கு நினைவுக்கு வந்தது. ஒட்டியெடுக்கும் குறிப்புத்தாள் 1980 இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது.

விடையில் பசையைக் கண்டுபிடிப்பு எனவும், குறிப்புத்தாளைப் புத்தாக்கம் எனவும் வேறுபடுத்தி எழுதுங்கள்.