நால்வருக்கு ஒரே சைக்கிள்!



உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கிறதா? அப்பாவோ தாத்தாவோ பால்வாளிகளை இருபுறமும் மாட்டிக்கொண்டு, இருட்டோடு இருட்டாகக் காட்டுக்குப் போய்வந்த பழைய சைக்கிள் உங்கள் நினைவில் இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

அமெரிக்கா என்றதும் நம் கண்முன் வருவது என்ன? மேகத்தை முட்டும் கட்டடம், படகு போன்ற மோட்டார் கார், கட்டுக்கட்டாய் டாலர்! அந்த நாட்டில் சைக்கிளை யார் மதிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் நான்கு இளைஞர்கள் ஒரே சைக்கிளை மாற்றி மாற்றி மிதிப்பதைக் காண ஆயிரக்கணக்கில் மக்கள் திரளும் ஒரு சிறு நகரம் அங்கே உண்டு. அந்த நகரத்தில் பாட்டும் உண்டு, நட்பும் உண்டு, கூலி வேலை செய்த தகப்பனின் கண்ணீரும் உண்டு. வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

கல் விளைந்த பூமி

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் இந்தியானா என்று ஒரு மாநிலம். அதன் தலைநகர் இந்தியானாபொலிஸ். அங்கிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போனால் புளூமிங்டன் வரும். 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 79,000 பேர். பெரிய ஊர் அல்ல. ஆனால் 1820-இல் தோன்றிய இந்தியானா பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஊருக்கு இன்னொரு செல்வமும் உண்டு. அது மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சின்னஞ்சிறு உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து கல்லாயின. எந்தப் பக்கம் வெட்டினாலும் பிளக்காத, சிற்பிக்கு வசப்படும் நல்ல கல்! நியூயார்க்கில் 1931-இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல் போர்த்திய கல், புளூமிங்டனுக்குத் தெற்கே உள்ள குழியிலிருந்து போனதுதான். பல்கலைக்கழகத்தின் அழகிய மண்டபங்களும் இதே கல்லால் எழுந்தவை.

கல்லை வெட்டியவர் யார்? அந்த ஊர்த் தொழிலாளர்கள். மண்டபத்தில் அமர்ந்து படித்தவர் யார்? பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வந்த பிள்ளைகள்! ஒரே ஊருக்குள் இரண்டு உலகம். நம்மவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. பெரிய துரை பங்களாவுக்கும் லயத்து வீட்டுக்கும் நடுவே எத்தனை தூரம் இருந்தது என்பது நமக்குத் தெரியாததா?

உழைத்துப் படிக்கும் பிள்ளைகளுக்காக

இனி சைக்கிளுக்கு வருவோம்.

பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டும் அறநிறுவனத்தில் ஹவ்டி வில்காக்ஸ் என்பவர் பொறுப்பில் இருந்தார். இவருடைய தந்தையின் பெயரும் ஹவ்டி வில்காக்ஸ்தான். 1919-இல் புகழ்பெற்ற இந்தியானாபொலிஸ் 500 மைல் மோட்டார் பந்தயத்தில் வென்ற வீரர் அவர். 1923-இல் வேறொரு பந்தயத்தில் கார் விபத்தில் மாண்டார். மகன் அப்போது சிறு குழந்தை.

வளர்ந்த மகன் ஒருநாள், மாணவர் விடுதியைச் சுற்றிப் பிள்ளைகள் சைக்கிள் பந்தயம் விட்டு விளையாடுவதைக் கண்டார். "இதையே பெரிதாக நடத்தினால் என்ன? வேலை செய்துகொண்டே படிக்கும் ஏழை மாணவர்களுக்கு அந்தப் பணத்தில் உதவலாமே!" என்ற எண்ணம் பிறந்தது. 1951-இல் முதல் பந்தயம் நடந்தது. அதற்கு 'லிட்டில் 500' என்று பெயர்.

மோட்டார் பந்தயத்தில் 33 கார்கள், 200 சுற்று, 500 மைல். சைக்கிள் பந்தயத்தில் 33 குழுக்கள், 200 சுற்று, 50 மைல். தந்தை ஓடிய வழியில் பத்தில் ஒரு பங்கை மகன் சைக்கிளுக்கு அளந்து கொடுத்துவிட்டார்!

ஒரு குழுவுக்கு நால்வர். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மாதிரியான சைக்கிள். அதில் கியர் மாற்றும் வசதி கிடையாது. பின்பக்கமாக மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். ஓடுபாதையோ கரித்தூளும் சரளையும் கலந்தது. வளைவில் சற்றே அசந்தால் போதும், முழங்கால் தோல் போய்விடும். ஒருவர் களைத்தால் குழிக்கருகில் வந்து ஓடுகிற ஓட்டத்திலேயே குதிப்பார். அடுத்தவர் அதே ஓட்டத்தில் தாவி ஏறுவார். ஒரு கண் தவறினால் இருவரும் மண்ணில் உருள வேண்டியதுதான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது, கவனித்தீர்களா? எவ்வளவு பெரிய வீரனானாலும் சைக்கிளைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது. எப்போதாவது தோழன் கையில் ஒப்படைத்தே ஆக வேண்டும். நம்பிக்கை இல்லாத இடத்தில் இந்தப் பந்தயமே இல்லை.

இத்தாலியப் பாட்டுப் பாடிய பையன்

1962-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் டேவ் பிளேஸ் என்ற மாணவர் 200 சுற்றில் 139 சுற்றைத் தாமே மிதித்துத் தம் குழுவை வெற்றிபெறச் செய்தார். அதே குழுவில் மாற்று வீரராக இருந்தவர் ஸ்டீவ் டெசிச். யூகோஸ்லாவியாவில் பிறந்து, 14 வயதில் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த பையன். இந்தியானாவின் வடக்கே, இரும்பு ஆலைகள் நிறைந்த ஈஸ்ட் சிகாகோவில் வளர்ந்தவர்.

அன்று நண்பனின் மிதியைப் பார்த்துக்கொண்டிருந்த டெசிச், பிற்காலத்தில் எழுத்தாளரானார். அந்த நண்பனை முன்மாதிரியாக வைத்துத் திரைக்கதை எழுதினார். 1979-இல் வெளிவந்த 'பிரேக்கிங் அவே' என்ற படம்தான் அது. இயக்கியவர் பீட்டர் யேட்ஸ். படமாக்கியது புளூமிங்டனிலேயே. சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கார் பரிசு டெசிச்சுக்குக் கிடைத்தது. பந்தய அறிவிப்பாளராகச் சில நொடிகள் வந்துபோகிறாரே, அவர்தான் அசல் டேவ் பிளேஸ்!

கதையைக் கேளுங்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, வேலையும் இல்லாமல் மேற்படிப்பும் இல்லாமல் நான்கு நண்பர்கள். கைவிடப்பட்ட கல்குழியில் தேங்கிய நீரில் நீந்திப் பொழுதைப் போக்குகிறார்கள். கல் வெட்டியவர்களின் பிள்ளைகள் என்பதால் கல்லூரி மாணவர்கள் அவர்களை 'கட்டர்ஸ்' என்று ஏளனம் செய்கிறார்கள்.

நால்வரில் ஒருவன் டேவ். அவனுக்கு இத்தாலிய சைக்கிள் வீரர்கள் என்றால் உயிர். காலையில் எழுந்ததும் இத்தாலிய மொழியில் வணக்கம் சொல்கிறான். இத்தாலிய இசைத்தட்டை வைத்து வீடே அதிரப் பாடுகிறான். பூனைக்குக்கூட இத்தாலியப் பெயர்! ஒரு கல்லூரிப் பெண்ணின் சன்னலுக்குக் கீழே நின்று, நண்பன் கித்தார் வாசிக்க, இவன் இரவில் பாடுகிறான். கல் வெட்டியவன் மகன் என்று சொன்னால் மதிப்பாளோ மாட்டாளோ என்று, தான் இத்தாலியிலிருந்து வந்த மாணவன் என்று பொய்யும் சொல்லிவிடுகிறான்.

பின்பு உண்மையான இத்தாலிய வீரர்கள் ஊருக்கு வருகிறார்கள். தெய்வமாக எண்ணியவர்களோடு சேர்ந்து மிதிக்கிறான். ஒரு உள்ளூர்ப் பையன் தங்களுக்குச் சமமாக வருவதைப் பொறுக்காமல், அவர்களில் ஒருவன் சக்கரத்துக்குள் காற்றடிக்கும் பம்பைச் செருகிவிடுகிறான்! விழுந்த டேவுக்கு உடம்பில் பட்ட காயத்தைவிட மனத்தில் பட்ட காயம் பெரிது. வீட்டுக்கு வந்து தகப்பனைக் கட்டிக்கொண்டு அழுகிறான்.

தகப்பனின் சொல்

வாசகர்களே, இந்தப் படத்தில் என் மனத்தைத் தொட்ட காட்சி பந்தயம் அன்று.

டேவின் தகப்பன் முன்னாளில் கல் வெட்டியவர். இப்போது பழைய கார் விற்கிறார். எந்நேரமும் மகனைக் கரித்துக்கொட்டுகிறவர். ஒரு நாள் இரவு பல்கலைக்கழக வளாகத்தில் மகனோடு நடக்கிறார். இந்தக் கட்டடங்களுக்கெல்லாம் கல் வெட்டிக் கொடுத்தவன் தான் என்று சொல்கிறார். வெட்டும்போது பெருமையாக இருந்ததாம். கட்டடம் எழுந்த பிறகு, அது தங்களைப் போன்றவர்கள் நுழையத் தகாத அளவுக்கு உயர்ந்துவிட்டதுபோல் ஒரு கூச்சம் வந்துவிட்டதாம்.

எத்தனை உண்மையான வார்த்தை! தன் கையால் உண்டாக்கிய ஒன்றின் முன்னால் தானே அந்நியனாக நிற்பது! நம் பெற்றோர் சீவிய மரத்தின் பால் எந்தெந்த நாட்டுக் காரிலெல்லாமோ டயராக ஓடியது. அந்தக் காரில் ஏறத் தாங்கள் தகுதியற்றவர்கள் என்று அவர்களில் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்!

தாயும் சாதாரணமானவள் அல்லள். எந்த நாட்டுக்கும் போகாதவள். ஆனாலும் கைப்பையில் எப்போதும் ஒரு பாஸ்போர்ட் வைத்திருக்கிறாள்! ஆசையைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு அடுப்படியில் வாழ்ந்த பெண்கள் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

கடைசியில் நண்பர்கள் நால்வரும் பந்தயத்தில் இறங்குகிறார்கள். டேவ் நெடுநேரம் தனியே மிதிக்கிறான், காயம்படுகிறான். அதுவரை ஓரமாக நின்ற நண்பர்கள் தட்டுத்தடுமாறியேனும் ஏறி மிதிக்கிறார்கள். பிறகு அவன் கால்களை மிதிகட்டையோடு சேர்த்து நாடாவால் கட்டச் சொல்லி, இறுதிவரை போராடி வெல்கிறான். ஏளனப் பெயராக இருந்த 'கட்டர்ஸ்' என்ற சொல்லைச் சட்டையில் எழுதிக்கொண்டல்லவா வென்றார்கள்!

இது கதை. உண்மையில் அந்தப் பந்தயத்தில் பல்கலைக்கழக மாணவர் மட்டுமே கலந்துகொள்ளலாம். 1984-இல் மாணவர் சிலர் 'கட்டர்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு குழு அமைத்தார்கள். அது பலமுறை வென்றும் இருக்கிறது. பெயர் உள்ளே போய்விட்டது. கல் வெட்டியவர் பிள்ளை உள்ளே போவதற்கோ, இன்றும் படிப்பு ஒன்றுதான் வாசல்.

பங்கை மறவாத நண்பன்

இதே ஊரில் 1899-இல் பிறந்தவர் ஹோகி கார்மைக்கேல். ஏழைக் குடும்பம். தாயார் பேசாப் படம் காட்டும் கொட்டகையிலும் மாணவர் நடனங்களிலும் பியானோ வாசித்துக் குடும்பத்துக்கு உதவியவர். 1918-இல் கார்மைக்கேலின் குட்டித் தங்கை இறந்தாள். நல்ல மருத்துவம் பார்க்கப் பணமில்லாமல் போயிற்றே என்ற வேதனை அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1926-இல் சட்டப் பட்டம் பெற்றார். ஆனால் மனம் பியானோவில்தான் இருந்தது. மாணவர்கள் கூடும் 'புக் நூக்' என்ற கடையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இருப்பார். 1927-இல் அவர் அமைத்த 'ஸ்டார்டஸ்ட்' உலகெங்கும் ஒலித்தது.

1930-இல் 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' என்ற பாட்டுக்கு அவர் மெட்டமைத்தார். சொல் எழுதிக் கொடுத்தவர் கல்லூரிக் காலத்துத் தோழர் ஸ்டூவர்ட் கோரெல். பிற்காலத்தில் வங்கியில் வேலை பார்த்தவர். பாடலாசிரியராகத் தொழில் செய்தவர் அல்லர். உரிமைப் பத்திரத்தில் அவருடைய பெயர் இடம்பெறவில்லை. சட்டப்படி ஒரு காசுகூடக் கேட்க முடியாது. ஆனாலும் கார்மைக்கேல் தோழரின் பங்கை அனுப்பிவந்தார் என்று சொல்கிறார்கள்.

சட்டம் படித்தவர்தான். சட்டத்தை விடவும் நட்பு பெரிது என்றும் படித்திருந்தார்! ரே சார்ல்ஸ் 1960-இல் பாடி அந்தப் பாட்டுக்குப் புத்துயிர் தந்தார். 1979-இல் அது ஜார்ஜியா மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பாடலாயிற்று. கார்மைக்கேல் 1981-இல் மறைந்து, பிறந்த ஊரின் மண்ணிலேயே உறங்குகிறார்.

இன்றும் உருளும் சக்கரம்

புளூமிங்டனில் இன்றும் இசைக்குக் குறைவில்லை. பல்கலைக்கழக இசைப்பள்ளி 1921-இல் தொடங்கியது. வயலின் மேதை ஜோஷுவா பெல் 1967-இல் பிறந்ததும் இதே ஊரில்தான். பழைய இரயில் பாதையைப் பெயர்த்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஊருக்கு நடுவே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் பாதை அமைத்திருக்கிறார்கள். 1988 முதல் லிட்டில் 500-இல் பெண்களும் தனிப் பந்தயம் ஓடுகிறார்கள். அவர்களுக்கு 100 சுற்று.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பையன் புரியாத மொழியில் பாடிக்கொண்டு சைக்கிளில் சுற்றுகிறான் என்று கோபப்படுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். டேவின் தகப்பனும் முதலில் கோபப்பட்டவர்தான். படம் முடியும்போது அவரே சைக்கிள் ஏறிவிடுகிறார்! மகனோடு ஒரு நாள் நடந்துபோய், நீங்கள் பட்ட பாட்டைக் கோபமில்லாமல் சொல்லிப் பாருங்கள். ஏச்சுக்கு அசையாத பிள்ளை அதற்கு அசைவான்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று. எந்த ஊர்ப் பாட்டை வேண்டுமானாலும் பாடுங்கள். எந்த நாட்டு வீரனை வேண்டுமானாலும் போற்றுங்கள். ஆனால் அப்பா செய்த வேலையின் பெயரைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். சைக்கிளை வாங்கிக்கொள்ளக் கைநீட்டி ஒரு தோழன் நிற்கிறானா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவன் இருந்தால், 200 சுற்றும் தூரமே இல்லை!