மறைந்த கோப்பும் மீட்கும் கட்டளையும்

சில ஆண்டுகளுக்கு முன், என் கட்டுரைகளைச் சேமித்திருந்த பென் டிரைவைக் கணினியில் திறந்தபோது, ஒரு கோப்பையும் காணவில்லை. ஈராண்டு உழைப்பு அழிந்ததென்றே கலங்கினேன். ஆயினும் அதில் நிரம்பியிருந்த இடம் குறையவில்லை என்பதைக் கண்டேன். அப்படியாயின் கோப்புகள் அழியவில்லை. வைரஸ் ஒன்று அவற்றை மறைத்திருந்தது.

அஃது எங்ஙனம்? ஃபேட் என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் கொண்ட பதிவு உண்டு. அதில் பெயரை அடுத்துள்ள ஒரே பைட், கோப்பின் பண்புகளைக் குறிக்கும். 'படிக்க மட்டும்', 'மறைவு', 'கணினி அமைப்புக்குரியது' முதலியன அப்பண்புகள். புத்தகத்தின் மேலட்டையில் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளிருக்கும் எழுத்து மாறுமோ? மாறாது.

சீட்டைத் திருத்துவதற்கு, 1984-இல் டாஸ் 3.0 பதிப்பில் வந்து இன்றும் விண்டோஸில் நிலவும் 'அட்ரிப்' என்னும் கட்டளை உதவுகிறது. பிளஸ் குறி பண்பைச் சேர்க்கும். மைனஸ் குறி நீக்கும். மறைவுக்குரிய எழுத்து 'ஹெச்', அமைப்புக்குரியது 'எஸ்'. இரண்டும் சேர்ந்திருப்பின், இரண்டையும் ஒரே கட்டளையில் நீக்க வேண்டும். 'ஹெச்'சை மட்டும் நீக்க முயன்ற எனக்கு முதலில் மறுப்பே கிடைத்தது; 'எஸ்'ஸையும் சேர்த்து நீக்கியதும் கட்டுரைகள் யாவும் வெளிப்பட்டன.

ஆகவே, கோப்பைக் காணோமென்று அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள். மறைவுப் பண்பை நம்பி இரகசியத்தையும் வைக்காதீர்கள். அது பூட்டன்று, ஒரு வரிக் கட்டளைக்கு விலகும் திரையே.