பயண வெகுமதிக் கடன் அட்டை

பயண வெகுமதிக் கடன் அட்டை என்பது, அட்டையின் வழியாகச் செலவிடப்படும் தொகைக்கு ஏற்பப் பயணப் புள்ளிகளையோ விமான மைல்களையோ வழங்கும் கடன் அட்டை ஆகும். இப்புள்ளிகளைக் கொடுத்து விமானப் பயணச்சீட்டு, விடுதி அறை முதலியவற்றைப் பெறலாம். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வகை அட்டைகள் மிகப் பரவலாக உள்ளன. அந்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்வது இப்புள்ளிகளின் முதன்மையான பயன்களுள் ஒன்றாகும். ஒரே ஊருக்குச் செல்லும் இரு பயணிகளுள் ஒருவர் புள்ளிகளுடன் சிறு வரியை மட்டும் செலுத்த, மற்றவர் அதே அளவு புள்ளிகளையும் கொடுத்து மேலும் சில நூறு டாலர்களையும் செலுத்த நேர்வது உண்டு. எத்தனை புள்ளிகள் கிடைக்கின்றன என்பதைக் காட்டிலும், அவை எந்த நிறுவனத்தின் திட்டத்தில் செல்லுபடியாகும் என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டு விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அதன் பின் எழுந்த போட்டியில் பயணிகளைத் தக்கவைத்துக்கொள்ள, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று 'ஏஅட்வான்டேஜ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களுக்குள் யுனைட்டட் நிறுவனமும் தன் 'மைலேஜ் பிளஸ்' திட்டத்தை அறிவித்தது. தொடக்கத்தில் மைல் என்பது உண்மையிலேயே பறந்த தொலைவைக் குறித்தது. 1987 இல் சிட்டி வங்கி அமெரிக்கன் ஏர்லைன்சுடன் இணைந்து அட்டை வெளியிட்டபோது, விமானத்தில் ஏறாமலேயே மைல் சேர்க்கும் வழி பிறந்தது. 1991 இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், பல விமான நிறுவனங்களின் திட்டங்களுக்கு மாற்றத்தக்க புள்ளிகளைத் தன் வாடிக்கையாளர்களுக்கு வழங்கத் தொடங்கியது.

டெல்டா, யுனைட்டட் ஆகியவை 2015 இலும், அமெரிக்கன் 2016 இலும் தொலைவுக்கு மாறாகச் செலுத்திய கட்டணத்தின் அடிப்படையில் மைல் வழங்கும் முறைக்கு மாறின. மலிவான சீட்டில் பறப்பவருக்கு இதன்பின் மிகக் குறைந்த மைல்களே கிடைத்தன. அட்டையே மைல் சேர்க்கும் முதன்மை வழியானது. விமான நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கு மைல் விற்பது பெரும் வருவாயாகும். கோவிட் பெருந்தொற்றின்போது யுனைட்டட் 2020 இலும் அமெரிக்கன் 2021 இலும் தத்தம் மைல் திட்டங்களையே ஈடாக வைத்துப் பல நூறு கோடி டாலர் கடன் திரட்டின.

புள்ளிகளுக்கான பணம்

வாடிக்கையாளர் கடையில் 100 டாலரை அட்டை மூலம் செலுத்தினால், கடைக்காரருக்கு ஏறத்தாழ 97 அல்லது 98 டாலரே சென்று சேரும். எஞ்சிய தொகையில் பெரும்பகுதி அட்டையை வழங்கிய வங்கிக்குரியது. அதில் ஒரு பங்கே புள்ளிகளாக வாடிக்கையாளரிடம் திரும்புகின்றது. ஆண்டுக் கட்டணம், நிலுவைக்கான வட்டி ஆகியவையும் வங்கியின் வருவாயைக் கூட்டுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் இயற்றிய ஒழுங்குவிதி, நுகர்வோர் கடன் அட்டைகளுக்கு வங்கி பெறும் இக்கட்டணத்தை 0.3% ஆகக் கட்டுப்படுத்தியது. ஐக்கிய அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பற்று அட்டைகளுக்கான கட்டணத்தை மட்டுமே வரையறுத்தது; கடன் அட்டைகளைத் தொடவில்லை. ஐரோப்பாவுக்குப் பறக்க அமெரிக்கர்களுக்குப் புள்ளிகள் தாராளமாகக் கிடைப்பதும், ஐரோப்பியர்களுக்கு அவ்வாறு கிடைக்காததும் இதனால்தான்.

அட்டை வகைகள்

ஒரு விமான நிறுவனத்தின் பெயரில் வெளியிடப்படும் அட்டைகள் அந்நிறுவனத்தின் மைல்களையே தருகின்றன. அந்நிறுவனத்தின் விமானங்கள் மிகுதியாகப் புறப்படும் நகரில் வாழ்பவர்களுக்கு இவை பொருந்தும். பயணப்பெட்டிக்குக் கட்டணமின்மை போன்ற சலுகைகளும் சிலவற்றில் உண்டு.

இரண்டாம் வகை, மாற்றத்தக்க புள்ளிகளைத் தரும் வங்கி அட்டைகள். சேஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், கேப்பிட்டல் ஒன், சிட்டி ஆகியவை இத்தகைய அட்டைகளை வழங்குகின்றன. சேஸ் வங்கியின் 'சஃபையர் பிரிஃபர்ட்' அட்டை 2009 இலும், உயர்நிலை அட்டையான 'சஃபையர் ரிசர்வ்' 2016 இலும் வெளிவந்தன. பின்னதன் ஆண்டுக் கட்டணம் 2016 இல் 450 டாலராக இருந்து, 2025 இல் 795 டாலராக உயர்ந்தது. இந்நான்கு வங்கிகளின் புள்ளிகளையும் ஏர் பிரான்ஸ், கேஎல்எம் நிறுவனங்களின் 'ஃபிளையிங் புளூ' திட்டத்துக்கு மாற்ற இயலும். ஐரோப்பா செல்வோரிடையே அத்திட்டம் பரவலாக அறியப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தச் சீட்டையும் வாங்கிவிட்டு, அதன் விலையைப் புள்ளிகளால் ஈடுசெய்யும் நிலையான மதிப்புடைய அட்டைகளும் உள்ளன. கணக்குப் பார்க்க நேரமில்லாதோருக்கு இவையே எளியவை.

மேற்கட்டணம்

புள்ளிகளால் பெறும் சீட்டுக்கும் வரிகள் பணமாகவே செலுத்தப்பட வேண்டும். அரசும் விமான நிலையமும் விதிக்கும் வரிகளைத் தவிர்க்க இயலாது. ஆனால் பல ஐரோப்பிய நிறுவனங்கள் தாமாகவே ஒரு மேற்கட்டணத்தைச் சேர்க்கின்றன. தொடக்கத்தில் எரிபொருள் விலை உயர்வைக் காரணம் காட்டி வந்த இக்கட்டணம், எரிபொருள் விலை குறைந்த காலங்களிலும் முற்றாக நீங்கவில்லை. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் பயணங்களில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் மேற்கட்டணம் மிகுதியானது; வணிக வகுப்பில் இது பல நூறு டாலர்களை எட்டும்.

ஒரே விமானத்தின் இருக்கையை வெவ்வேறு திட்டங்கள் வழியாகப் பெற முடியும் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. லுஃப்தான்சா விமானத்தில் அந்நிறுவனத்தின் சொந்தத் திட்டமான 'மைல்ஸ் அண்ட் மோர்' வழியாக இடம் பெற்றால் மேற்கட்டணம் உண்டு. அதே ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியைச் சேர்ந்த யுனைட்டட் நிறுவனத்தின் மைல்களால் பெற்றால் அக்கட்டணம் சேர்க்கப்படுவதில்லை. ஏர் கனடாவின் 'ஏரோபிளான்' திட்டமும் 2020 நவம்பரில் புதுப்பிக்கப்பட்டபோது இக்கட்டணத்தைக் கைவிட்டது. 'ஏவியோஸ்' என்னும் புள்ளிகளை பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ், கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் ஆகியவை பொதுவாகப் பயன்படுத்துகின்றன. மத்ரித் வழியாக ஐபீரியாவிலும் டப்ளின் வழியாக ஏர் லிங்கசிலும் சென்றால், லண்டன் வழியாக பிரிட்டிஷ் ஏர்வேஸில் செல்வதைவிடச் செலுத்த வேண்டிய பணம் பெரும்பாலும் குறைவு.

ஐக்கிய இராச்சியத்திலிருந்து புறப்படும் பயணிகளுக்கு அந்நாட்டரசு 1994 முதல் வான் பயணி வரியை விதிக்கின்றது. நியூயார்க் போன்ற தொலைவான நகரங்களுக்கு இவ்வரி 2025 ஏப்ரலில் சிக்கன வகுப்புக்கு 90 பவுண்டாகவும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 216 பவுண்டாகவும் நிர்ணயிக்கப்பட்டது. லண்டனில் இறங்கி, பாரிசிலோ ரோமிலோ இருந்து திரும்புவோர் இதனைத் தவிர்க்கலாம். ஒரே சீட்டில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறிச் செல்வோருக்கும் இவ்வரி இல்லை. அமெரிக்காவிலிருந்து லண்டன் வழியாகச் சென்னைக்குச் செல்லும் தமிழர்களில் பெரும்பாலானோர் இவ்வகையினரே.

புள்ளியின் மதிப்பு

சீட்டின் விலையிலிருந்து, புள்ளிகளுடன் சேர்த்துச் செலுத்த வேண்டிய பணத்தைக் கழித்து, வரும் விடையைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு புள்ளியின் மதிப்பு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 700 டாலர் விலையுள்ள சீட்டை ஒரு திட்டம் 50,000 புள்ளிகளுக்கும் 450 டாலருக்கும் தருகின்றது எனக் கொள்வோம். அங்கு ஒரு புள்ளியின் மதிப்பு அரை சென்ட். அதே ஊருக்கு மற்றொரு திட்டம் 40,000 புள்ளிகளும் 100 டாலரும் கேட்டால் மதிப்பு 1.5 சென்ட், அதாவது மும்மடங்கு. முதல் திட்டத்துக்கு மட்டுமே புள்ளி தரும் அட்டை, ஒரு டாலருக்கு இரு புள்ளிகள் வழங்கினாலும் இரண்டாவதற்கு ஈடாகாது.

அன்றாடச் செலவின் வழியாகப் புள்ளி சேர்ப்பது மெதுவானது. டாலருக்கு ஒரு புள்ளி என்றால் 60,000 புள்ளிகளுக்கு 60,000 டாலர் செலவிட வேண்டும். புதிய அட்டை பெற்று, முதல் மூன்று மாதங்களில் குறித்த சில ஆயிரம் டாலர்களைச் செலவிட்டால் இதே அளவு புள்ளிகளை வரவேற்புப் பரிசாகத் தரும் வங்கிகள் உள்ளன. எனவே முதல் ஐரோப்பியப் பயணத்துக்கு இப்பரிசே பெரும்பாலும் அடிப்படையாகின்றது. அத்தொகையை எட்டுவதற்காகத் தேவையற்ற பொருள்களை வாங்குவோருக்கு இதனால் ஆதாயம் இல்லை.

வங்கியிலிருந்து விமானத் திட்டத்துக்கு மாற்றிய புள்ளிகளைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே விரும்பிய நாளில் இருக்கை இருப்பதை உறுதிசெய்த பின்னரே மாற்றுவது வழக்கம். கோடை விடுமுறைக் காலத்தில் இத்தகைய இருக்கைகள் அரிதாகும்.

ஐரோப்பாவில் பயன்பாடு

சாதாரண அமெரிக்க அட்டைகள் பல, வெளிநாட்டுச் செலவுக்கு ஏறத்தாழ 3% கட்டணம் பிடிக்கின்றன. பயண அட்டைகள் பெரும்பாலானவற்றில் இக்கட்டணம் இல்லை. விசா, மாஸ்டர்கார்டு ஆகியவை ஐரோப்பாவில் எங்கும் ஏற்கப்படுகின்றன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையைச் சிறு கடைகள் பல ஏற்பதில்லை. கடையின் கருவி யூரோவிலா டாலரிலா எனக் கேட்கும்போது டாலரைத் தேர்ந்தால், சாதகமற்ற மாற்று விகிதம் கணக்கிடப்படும்.

விமானம் தாமதமானால் இழப்பீடு வழங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, புள்ளிகளால் பெற்ற சீட்டுகளுக்கும் பொருந்தும். ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாயின், அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும்போதும் இப்பாதுகாப்பு உண்டு.

மதிப்பிறக்கம்

புள்ளிகள் பணம் அல்ல. ஒரு பயணத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதை நிறுவனமே முடிவு செய்கின்றது. டெல்டா 2015 இலும் யுனைட்டட் 2019 இலும் தம் புள்ளி அட்டவணைகளை வெளியிடுவதை நிறுத்திவிட்டன. வட்டி தராமல், விலைவாசியோடு மதிப்பும் குறைந்து வரும் ஒன்றைப் பல ஆண்டுகள் சேர்த்துவைப்பது பயனற்றது.

விமர்சனம்

மாத இறுதியில் முழுத் தொகையையும் செலுத்தாதோருக்குப் புள்ளிகள் பயனளிப்பதில்லை. அமெரிக்காவில் 2023 முதல் 2025 வரை அட்டைக் கடனுக்கான சராசரி வட்டி 20% ஐத் தாண்டியிருந்தது. 3,000 டாலர் நிலுவையை ஓராண்டு வைத்திருப்பவர் 600 டாலருக்கும் மேல் வட்டி கட்டுகின்றார். அச்செலவால் அவர் பெற்ற புள்ளிகளின் மதிப்பு 45 டாலர் அளவே இருக்கும். அமெரிக்க நடுவண் வங்கியின் ஆய்வுத் தொடரில் 2023 இல் வெளிவந்த ஒரு கட்டுரை, வெகுமதி அட்டைகளின் வழியாக ஆண்டுக்கு 1,500 கோடி டாலர், கல்வியும் வருவாயும் குறைந்த பகுதிகளிலிருந்து மிகுந்த பகுதிகளுக்குச் செல்வதாக மதிப்பிட்டது. வணிகர்கள் அட்டைக் கட்டணத்தைப் பொருள்களின் விலையில் சேர்ப்பதால், பணமாகச் செலுத்துவோரும் அதன் சுமையில் பங்கேற்கின்றனர்.

வணிகர்கள் செலுத்தும் கட்டணத்தைப் போட்டியின் மூலம் குறைக்கும் நோக்குடன், செனட் உறுப்பினர்கள் ரிச்சர்ட் டர்பின், ரோஜர் மார்ஷல் ஆகியோர் 2022 இல் ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தனர். 2023 இல் அது மீண்டும் முன்வைக்கப்பட்டது. வங்கிகளுடன் விமான நிறுவனங்களும் சேர்ந்து அதனை எதிர்த்தன. வெகுமதித் திட்டங்கள் சுருங்கிவிடும் என்பது அவற்றின் வாதம்.